அரசனுக்கா, அரசனுக்காகவா?



கி.மு. 14ஆம் நூற்றாண்டில், இன்றைய பாலஸ்தீன மலைநாட்டில் ஷெகெம் என்ற ஊரை லபாயு என்றொரு சிற்றரசன் ஆண்டுவந்தான். எகிப்திய மன்னனுக்குக் கீழ்ப்பட்டவன். தன் மேல் விழுந்த புகார்களுக்குப் பதில் சொல்லி அவன் மன்னனுக்கு அனுப்பிய களிமண் மடல் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. என் மனைவியை அனுப்பு என்று மன்னர் எழுதினாலும் நான் எப்படி மறுப்பேன் என்று அதில் கேட்கிறான். வெண்கலக் குத்துவாளை நெஞ்சில் செருகிக்கொண்டு செத்துப்போ என்று எழுதினாலும் அதைச் செய்யாமல் எப்படி இருப்பேன் என்றும் கேட்கிறான்.

இதற்கு மேல் ஒருவன் விசுவாசத்தைச் சொல்லிவிட முடியாது. ஆனால் இதே லபாயு மெகித்தோ நகரை நெருக்கி முற்றுகையிட்டான். அந்நகரத்துத் தலைவன் பிரிதியா, கோட்டை வாசலைத் தாண்டி வெளியே போக முடியவில்லை என்று மன்னனிடம் முறையிட்டான். கடைசியில் லபாயுவை உயிரோடு பிடித்து, ஆக்கோ துறைமுகத்திலிருந்து கப்பலேற்றி எகிப்துக்கு அனுப்ப ஏற்பாடாயிற்று. இடையில் ஒருவன் பணம் வாங்கிக்கொண்டு அவனை விடுவித்துவிட்டான். வீடு போய்ச் சேருமுன் அவன் கொல்லப்பட்டான். அவனுடைய இன்னொரு மடலில் ஒரு வரி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. எறும்பை அடித்தால் அதுகூட அடித்த கையைக் கடிக்காதா என்று கேட்கிறான். நெஞ்சில் வாளைச் செருகிக்கொள்வேன் என்றவனும் கடிக்காமல் இருப்பேனா என்றவனும் ஒரே மனிதன்தான். எழுதிய இடம் ஒன்று, படித்த அரண்மனையும் ஒன்று.

பண்டைய உலகத்து விசுவாச மொழியைப் பற்றிப் பேச வந்த நான் இந்த மனிதனில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. கல்வெட்டிலும் களிமண்ணிலும் பதிந்த புகழ்மொழிகளைப் படிக்கும்போது நாம் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்துவிடுகிறோம். ஒன்று, அதை அப்படியே நம்பி, அந்தக் காலத்து மக்கள் அரசனைத் தெய்வமாகவே கண்டார்கள் என்று முடிவுகட்டுகிறோம். அல்லது எல்லாம் வெற்று முகத்துதி என்று தள்ளிவிடுகிறோம். இரண்டுமே அந்த மனிதர்களுக்கு நாம் செய்யும் அநியாயம். அவர்கள் அந்தச் சொற்களை நம்பியோ நம்பாமலோ, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் சொன்னார்கள்.

லபாயுவின் மடல்கள் 1887இல் எகிப்தின் அமர்னாவில் வெளிப்பட்ட களஞ்சியத்தைச் சேர்ந்தவை. மொத்தம் ஏறக்குறைய 380 பலகைகள், பெரும்பாலும் அக்காதிய மொழியில், ஆப்பெழுத்தில் எழுதப்பட்டவை. மூன்றாம் அமென்ஹோதெப், அவன் மகன் அகெனாத்தென் ஆகியோர் காலத்து அயலுறவுக் கடிதங்கள். பாபிலோன் மன்னனும் மித்தானி மன்னனும் எகிப்திய மன்னனைச் சகோதரனே என்று அழைத்துத் தங்கம் கேட்கிறார்கள். குறைவாக வந்தால் சண்டைக்கு வருகிறார்கள். கானான் நாட்டுச் சிற்றரசர்களுக்கு அந்த உரிமை இல்லை. அவர்கள் மன்னனின் காலடியில் ஏழு முறையும் மீண்டும் ஏழு முறையும் விழுகிறார்கள். வயிறு தரையில் படவும் முதுகு தரையில் படவும் விழுகிறார்கள். மன்னன் காலடி மண், மன்னனின் குதிரைகளைப் பராமரிக்கும் ஆள் என்றெல்லாம் தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். அரசன் அவர்களுக்குச் சூரியன், கடவுள்.

இது வாய்பாடு என்பது உண்மை. எழுத்தர்கள் பயின்று வைத்திருந்த தொடக்க வரிகள். ஆனால் வாய்பாட்டுக்குக் கீழே பாருங்கள். எருசலேமின் அப்தி-ஹெபா, என்னை இந்த இடத்தில் வைத்தது என் தந்தையுமல்ல, தாயுமல்ல, மன்னரின் வலிய கைதான் என்று எழுதிவிட்டு அடுத்து வில்வீரர்களை அனுப்பச் சொல்கிறான். பிப்லோஸ் நகரத்து ரிப்-ஹத்தா அறுபதுக்கும் மேற்பட்ட மடல்கள் எழுதியவன். ஊரில் தானியம் தீர்ந்து, பிள்ளைகளையும் வீட்டு மரங்களையும் விற்றுத் தின்றாகிவிட்டது என்று கதறுகிறான். ஏன் ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கிறான் என்று அரண்மனை சலித்துக்கொள்கிறது. உதவி போதிய அளவில் வரவில்லை. சொந்தத் தம்பியே அவனை ஊரைவிட்டு விரட்டினான். ஏழு முறை விழுவது அவனுக்கு மன்னனைக் கடமைக்கு இழுக்கும் கயிறாக இருந்தது. நான் இவ்வளவு தாழ்ந்தேன், இனி நீ என்னைக் காக்க வேண்டும் என்பதே அதன் உட்பொருள். ரிப்-ஹத்தாவின் மடல்களை வரிசையாகப் படிக்கும் எவருக்கும் நெஞ்சு கனக்கும்.

கீழிருந்து மேலே போகும் மொழி இப்படி. மேலிருந்து கீழே திணிக்கப்பட்ட மொழி வேறு மாதிரி. அதுதான் ஆணை, சத்தியப் பிரமாணம். இன்றைய துருக்கியில் ஆண்ட ஹிட்டைட் அரசின் படைவீரர்கள் பிரமாணம் எடுக்கும் சடங்கில் மெழுகையும் ஆட்டுக் கொழுப்பையும் தீயில் இட்டு உருக்கிக் காட்டுவார்கள். ஆணையை மீறுகிறவன் இப்படி உருகட்டும் என்பார்கள். பெண்களின் உடை, நூற்கும் தக்களி, கண்ணாடி ஆகியவற்றைக் கொண்டுவந்து, மீறுகிறவன் ஆண்மை இழந்து இவற்றை ஏந்தட்டும் என்பார்கள். பார்வையற்ற ஒருவரையும் காது கேளாத ஒருவரையும் முன்னே நிறுத்துவார்கள். உடற்குறையையும் பெண்மையையும் சாபத்தின் உருவமாக்கிய அந்தக் கொடுமையை இன்று நாம் பொறுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அந்தச் சடங்கின் நோக்கம் தெளிவு. வாயால் சொன்னால் போதாது, உடம்பு நடுங்க வேண்டும்.

இந்தக் கலையை உச்சத்துக்குக் கொண்டுபோனவர்கள் அசீரியர்கள். கி.மு. 681இல் பேரரசன் சனகெரிப் சொந்த மகன்களின் கையால் கொலையுண்டான். இளைய மகன் எசர்ஹத்தோன் அண்ணன்மாரோடு போரிட்டுத்தான் அரியணை ஏறினான். தீராத நோயாளி. தீய சகுனம் தோன்றும்போதெல்லாம் வேறொருவனை அரியணையில் உட்காரவைத்து, சகுனத்தின் கேட்டை அவன் தலையில் இறக்கி, பிறகு அவனைக் கொன்றுவிடும் மாற்று மன்னர் சடங்கை மீண்டும் மீண்டும் நடத்தியவன். தந்தைக்கு நேர்ந்தது தனக்கும் தன் பிள்ளைகளுக்கும் நேரக்கூடாது என்பதே அவன் வாழ்நாள் கவலை. கி.மு. 672இல் தன் மகன் அசுர்பனிபாலை அசீரியாவுக்கும் இன்னொரு மகன் ஷமாஷ்-ஷும்-உகினைப் பாபிலோனுக்கும் வாரிசாக அறிவித்து, பேரரசு முழுவதையும் ஆணைக்கு உட்படுத்தினான்.

1955இல் ஈராக்கின் நிம்ருத்தில், மாக்ஸ் மலோவன் தலைமையிலான அகழாய்வில், நபு தெய்வத்தின் கோயில் வளாகத்தில் இந்த ஆணைப் பலகைகள் நூற்றுக்கணக்கான துண்டுகளாகக் கிடைத்தன. 1958இல் டொனால்ட் வைஸ்மன் அவற்றைப் பதிப்பித்தார். கிழக்கே மலைநாட்டில் இருந்த மேதியத் தலைவர்களோடு செய்த ஆணைகள் அவை. ஒவ்வொன்றும் 600 வரிகளைத் தாண்டும். அசுர் தெய்வத்தின் மூன்று முத்திரைகள் பதித்தவை. அரசன் முத்திரை அல்ல, தெய்வத்தின் முத்திரை. இந்தப் பலகையை உங்கள் தெய்வத்தைப் போலக் காக்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

உள்ளே என்ன இருக்கிறது? அசுர்பனிபாலை உங்களைப் போலவே நேசிக்க வேண்டும். அவனைப் பற்றித் தகாத சொல் ஒன்று காதில் விழுந்தால் மறைக்கக்கூடாது. அதைச் சொன்னவன் உன் சகோதரனாக இருக்கலாம், மகனாக, மகளாக இருக்கலாம், தீர்க்கதரிசியாக, அருள்வந்து ஆடுபவனாக இருக்கலாம். வந்து சொல்லியாக வேண்டும். ஆணை எடுக்கும்போது உதட்டால் மட்டும் சொல்லக்கூடாது, முழு மனத்தோடு சொல்ல வேண்டும். நோய் என்று சாக்குச் சொல்லி நழுவக்கூடாது. ஆணையின் கட்டை அவிழ்க்கப் பின்னால் பரிகாரச் சடங்கு செய்யக்கூடாது. பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கும் இதைக் கற்பிக்க வேண்டும். பிறகு சாபங்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. அப்பமும் திராட்சை மதுவும் குடலுக்குள் இறங்குவதுபோல இந்த ஆணை உங்கள் குடலுக்குள்ளும் உங்கள் பிள்ளைகளின் குடலுக்குள்ளும் இறங்கட்டும். தேனடை துளைபட்டிருப்பதுபோல உங்கள் சதை உயிரோடு துளைபடட்டும். நிலம் இரும்பாகட்டும், வெண்கல வானத்திலிருந்து மழை பெய்யாமல் போகட்டும்.

இந்த விதிகளைத் தலைகீழாகப் படித்துப் பாருங்கள். உதட்டால் மட்டும் சொல்லாதே என்று எழுத வேண்டியிருக்கிறதென்றால் உதட்டால் மட்டும் சொன்னவர்கள் இருந்தார்கள். நோய் என்று சொல்லாதே என்றால் அப்படிச் சொல்லி வீட்டில் படுத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். பரிகாரம் செய்யாதே என்றால் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திப் பரிகாரம் செய்தவர்கள் இருந்தார்கள். எசர்ஹத்தோனின் ஆணை அவன் அச்சங்களின் பட்டியல். அந்தப் பெயரற்ற மனிதர்கள் தங்கள் மனத்தை அரசனுக்குக் கொடுக்காமல் காப்பாற்றிக்கொண்டதற்கு வேறு சாட்சி இல்லை; தடை செய்த ஆணையே சாட்சி.

ஆணை பலித்ததா? இரண்டே ஆண்டுகளில், கி.மு. 670இல், எசர்ஹத்தோன் தன் பெருந்தலைகள் பலரைக் கொன்றான் என்று பாபிலோனிய வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. கி.மு. 652இல் ஷமாஷ்-ஷும்-உகின் தன் சகோதரன்மேல் போர் தொடுத்தான். நான்கு ஆண்டுகளில் பாபிலோன் வீழ்ந்தது, அவனும் மாண்டான். யாருடைய குடும்பத்தைக் காக்க ஆணை எழுதப்பட்டதோ அந்தக் குடும்பமே அதை உடைத்தது. பிறகு கி.மு. 612இல் மேதியரும் பாபிலோனியரும் சேர்ந்து அசீரியத் தலைநகர் நினிவேயை அழித்தார்கள். நிம்ருத்தும் தீக்கிரையானது. மேதியத் தலைவர்களின் ஆணைப் பலகைகள் அப்போதே வேண்டுமென்று உடைக்கப்பட்டன என்று சில அறிஞர்கள் கருதுகிறார்கள்.

2009இல் இன்னொரு பிரதி கிடைத்தது. துருக்கியின் ஹதாய் மாகாணத்தில் தெல் தயினாத் என்ற மேட்டில், டொரண்டோ பல்கலைக்கழகத்தார் அகழ்ந்த கோயிலின் உள்ளறையில் அது இருந்தது. ஜேக்கப் லவிங்கர் 2012இல் அதைப் பதிப்பித்தார். இது மேதியருக்கானது அல்ல. அந்த மாகாணத்து ஆளுநர், அவர்கீழ் இருந்த எழுத்தர்கள், தேரோட்டிகள், ஊர் அதிகாரிகள் வரை எல்லோருக்குமானது. அரசனின் ஆணைப் பலகை தெய்வத்தின் கோயிலில் நின்றது. ஆக, பேரரசின் மேற்குக் கோடியிலும் இந்தச் சொற்கள் முழங்கியிருக்கின்றன. அங்கிருந்து தெற்கே போனால் யூதா நாடு. அதன் அரசன் மனாசேயை, நினிவே அரண்மனைக்குக் கட்டடப் பொருள்கள் சுமந்து அனுப்பிய 22 அரசர்களில் ஒருவனாக எசர்ஹத்தோன் தன் கல்வெட்டில் குறிக்கிறான். மனாசேயிடமும் இப்படியொரு பலகை போயிருக்கக்கூடும் என்ற கருத்து தயினாத் கண்டெடுப்புக்குப் பிறகு வலுத்திருக்கிறது.

இங்கேதான் என் பேச்சின் நடு இடம். விவிலியத்தில் உபாகமம் என்ற நூலை எடுத்து 13ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். தீர்க்கதரிசியோ, சகோதரனோ, மகனோ, மகளோ இரகசியமாக உன்னை வேறு தெய்வங்களிடம் அழைத்தால் அவனை மறைக்காதே என்கிறது. 28ஆம் அதிகாரத்தில் வானம் வெண்கலமாகவும் நிலம் இரும்பாகவும் ஆகும் என்ற சாபம் வருகிறது. கடவுளை முழு இருதயத்தோடு நேசி என்ற கட்டளையின் பின்னால் பண்டைய உடன்படிக்கைகளின் மொழி இருக்கிறது என்று வில்லியம் மோரன் 1963இல் ஒரு கட்டுரையில் காட்டினார். உபாகமத்தின் பகுதிகள் அசீரிய ஆணையைப் பார்த்தே எழுந்தன என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள், எல்லோரும் ஏற்பதில்லை. யோசியா அரசன் காலத்தில், கி.மு. 622 வாக்கில், எருசலேம் ஆலயத்தைப் பழுதுபார்த்தபோது கிடைத்ததாகச் சொல்லப்படும் சட்டநூலோடு உபாகமத்தை இணைத்துப் பார்ப்பது நெடுங்கால வழக்கு. அசீரியா தளர்ந்துகொண்டிருந்த காலம் அது.

என் முடிவை மறைக்காமல் சொல்கிறேன். ஒரு சிறிய, அடிபட்ட நாடு, பேரரசனுக்குக் கொடுக்கச் சொன்ன சொற்களை எடுத்துத் தன் கடவுளுக்குக் கொடுத்துவிட்டது. முழு மனத்தையும் கடவுளுக்குத் தந்துவிட்டவனிடம் அரசனுக்குத் தர மிச்சம் எதுவும் இல்லை. மனித வரலாற்றில் நடந்த மிகத் துணிவான காரியங்களில் இதுவும் ஒன்று என்று நினைக்கிறேன். ஆனால் அந்த மொழியோடு அதன் நஞ்சும் வந்தது. சகோதரனைக் காட்டிக்கொடு, மகளைக் காட்டிக்கொடு என்ற விதி நினிவேயின் அச்சத்தில் பிறந்தது. கடவுளின் பெயரில் நுழைந்தபின் அது பேரரசு அழிந்தும் அழியவில்லை. பின்வந்த நூற்றாண்டுகளில் மதத்தின் பெயரால் நடந்த வேட்டைகளை நினைக்கும்போது இதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

கிரேக்கரையும் பாரசீகரையும் பற்றி ஒரு வார்த்தை மட்டும். சூசாவில் பாரசீக மன்னன் முன்னால் விழுந்து வணங்க மறுத்த இரண்டு ஸ்பார்ட்டர்களைப் பற்றி எரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். கி.மு. 327இல் அலெக்சாந்தர் தன் மாசிடோனியரையும் அப்படி விழச்செய்ய முயன்றபோது அவனோடு சென்ற வரலாற்றாசிரியர் கலிஸ்தெனஸ் எதிர்த்தார். சில காலத்தில் சதிக் குற்றம் சுமத்தப்பட்டு அழிந்தார்.

இனி ரோம். அகஸ்டஸ் தன் சாதனைகளைச் சொல்லும் பெருங்கல்வெட்டில், இத்தாலி முழுவதும் தானாக முன்வந்து தனக்கு ஆணையிட்டது என்கிறார். கி.மு. 32இல், அந்தோனியோடு போருக்கு முன் நடந்தது அது. கி.மு. 3இல் ஆசியா மைனரின் பாப்லகோனியா மக்கள் எடுத்த பிரமாணம் கல்வெட்டாக நமக்குக் கிடைத்திருக்கிறது. சேயுஸ், பூமி, சூரியன், எல்லாத் தெய்வங்கள், அகஸ்டஸ் ஆகியோர்மேல் ஆணையிட்டு அவர்கள் சொல்கிறார்கள்: அகஸ்டஸுக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் சொல்லிலும் செயலிலும் எண்ணத்திலும் உண்மையாக இருப்போம், அவருடைய பகைவர் எமக்கும் பகைவர், அவருக்கு எதிராக எதையாவது கண்டாலோ கேட்டாலோ வந்து சொல்வோம், மீறினால் எங்கள் உடலும் உயிரும் பிள்ளைகளும் குலமும் அழியட்டும். எசர்ஹத்தோனிலிருந்து 669 ஆண்டுகள் தள்ளி நிற்கிறோம். நிபந்தனைகள் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வாரிசுரிமை நிலைக்குமா என்று அஞ்சும் எந்த அரண்மனையும் இதைத்தான் எழுதும்.

இன்றைய போர்ச்சுக்கலில் அரிட்டியம் என்ற ஊரார் கி.பி. 37 மே 11 அன்று புதுப் பேரரசன் கலிகுலாவுக்கு ஆணையிட்டார்கள். என் பிள்ளைகளைவிட அவர் நலமே எனக்கு மேல் என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். நான்கு ஆண்டுகூட நிறையவில்லை. கி.பி. 41 ஜனவரி 24 அன்று கலிகுலாவைக் கொன்றவர்கள் அவனுடைய மெய்க்காவல் படை அதிகாரிகளே. படைவீரர்கள் ஆண்டுதோறும் ஜனவரி 1இல் ஆணையைப் புதுப்பிக்க வேண்டும். கி.பி. 69 ஜனவரி 1 அன்று, இன்றைய ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் இருந்த இரண்டு படைப்பிரிவுகள் பேரரசன் கல்பாவின் உருவங்களை உடைத்தெறிந்தன. அந்த ஓராண்டில் ரோம் நான்கு பேரரசர்களைக் கண்டது.

இந்த ரோமுக்கும் எருசலேமுக்கும் இடையே ஓர் அருமையான சமரசம் இருந்தது. யூதர்கள் பேரரசனை வணங்க மாட்டார்கள். ஆனால் தங்கள் ஆலயத்தில், தங்கள் கடவுளுக்கு, பேரரசனின் நலம் வேண்டி நாள்தோறும் பலியிட்டார்கள். அவனுக்கு அல்ல, அவனுக்காக. அகஸ்டஸுக்கு அது போதுமானதாக இருந்தது. கலிகுலாவுக்குப் போதவில்லை. அலெக்சாந்திரியாவிலிருந்து தூது சென்ற பைலோ, உங்களுக்காக மூன்று முறை பெரும்பலி கொடுத்தோமே என்று தூதர்கள் சொன்னதையும் அதற்குக் கலிகுலா சொன்ன பதிலையும் எழுதிவைத்திருக்கிறார். கொடுத்தீர்கள், எனக்காக வேறொருவருக்குக் கொடுத்தீர்கள், எனக்குக் கொடுக்கவில்லையே என்றானாம். தன் சிலையை எருசலேம் ஆலயத்தில் நிறுத்தச் சொல்லிச் சிரியா ஆளுநர் பெத்ரோனியஸுக்கு ஆணை அனுப்பினான். யூதர்கள் பெண்டு பிள்ளைகளோடு தொலெமாயிஸ் நகருக்கு வந்து, முதலில் எங்களைக் கொன்றுபோடுங்கள் என்றார்கள். லபாயுவைக் கப்பலேற்ற நினைத்த ஆக்கோதான் அப்போது தொலெமாயிஸ். பெத்ரோனியஸ் என்ற அந்த ரோமர், தன் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் காரியத்தைத் தள்ளிப்போட்டார். கலிகுலா செத்ததால் அவரும் பிழைத்தார், ஆலயமும் அப்போதைக்குத் தப்பியது. இந்த மனிதரை நாம் இன்னும் நன்றாக நினைவில் வைத்திருக்க வேண்டும். கி.பி. 66இல் பேரரசனுக்கான அந்தப் பலியை ஆலயத்து இளந்தலைவர்கள் நிறுத்தினார்கள். அதுவே ரோமோடு மூண்ட போருக்கு அடித்தளம் என்கிறார் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ். கி.பி. 70இல் ஆலயம் எரிந்தது.

அடுத்து, பேரரசனுக்கா, பேரரசனுக்காகவா என்ற அந்தக் கேள்வி கிறித்தவர்களிடம் வந்தது. கி.பி. 112 வாக்கில் பித்தினியா ஆளுநர் பிளினி, கிறித்தவர் என்று குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் முன்னால் பேரரசன் டிராஜனின் உருவத்தை வைத்தார். சாம்பிராணியும் மதுவும் படைத்து, கிறிஸ்துவைப் பழித்தால் விடுதலை, மறுத்தால் மரணம். அவர்கள் கூட்டங்களில் என்னதான் நடக்கிறது என்று விசாரித்த பிளினி டிராஜனுக்கு எழுதிய விடை வியப்பானது. திருடுவதில்லை, கொள்ளையடிப்பதில்லை, பிறர் மனை நாடுவதில்லை, நம்பி வைத்த பொருளை மறுப்பதில்லை என்று அவர்கள் ஆணை எடுத்துக்கொள்கிறார்கள் என்று எழுதினார். படைவீரனின் ஆணைக்கு ரோமர் வைத்திருந்த அதே சொல்லைத்தான் இதற்கும் பயன்படுத்தினார். எந்த அரசனின் பெயரும் இல்லாத ஓர் ஆணை, அயலானுக்குத் தீங்கு செய்யமாட்டேன் என்ற ஆணை, ஓர் ஆளுநரின் அலுவல் கடிதத்தில் பதிவாகிவிட்டது.

கி.பி. 249இன் கடைசியிலோ 250இன் தொடக்கத்திலோ பேரரசன் டெசியஸ், பேரரசின் குடிகள் அனைவரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு, அதிகாரிகளிடம் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று கட்டளையிட்டான். கோத்தியர் எல்லையில் முட்டிக்கொண்டிருந்த காலம். எகிப்தின் மணலில் அந்தச் சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேல் பாப்பிரஸ் தாள்களில் தப்பிக் கிடைத்திருக்கின்றன. எல்லாம் ஒரே வாசகம்: எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் கண்முன் மது வார்த்தேன், பலியிட்டேன், படையலை உண்டேன், சான்றளிக்க வேண்டுகிறேன். அவற்றில் ஒன்று முதலை வடிவத் தெய்வமான பெத்தேசூக்கோஸின் பூசாரிணி ஒருத்தியுடையது. வாழ்நாளெல்லாம் தெய்வத்துக்குத் தொண்டு செய்த பெண், தெய்வத்தை வணங்குகிறேன் என்று அரசாங்கத்திடம் சீட்டு வாங்கினாள். பக்தி தெய்வத்துக்கும் அவளுக்கும் இடையில் இருந்தது போய், அதிகாரியின் கையெழுத்துக்குக் கீழே வந்துவிட்டது. கிறித்தவர்களில் சிலர் பலியிட்டார்கள், சிலர் சிறையில் மாண்டார்கள். சிலர் பலியிடாமலே காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கினார்கள். அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்வதா என்பது கார்த்தேஜ் ஆயர் சிப்ரியனுக்குப் பெரிய வழக்காயிற்று. அப்படி வாங்கியவர்களைக் கோழைகள் என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளைகுட்டிக்காரர்கள். எசர்ஹத்தோனின் ஆணைக்குப் பின் வீட்டில் பரிகாரம் செய்தவர்களின் உறவினர்கள்.

கி.பி. 251இல் டெசியஸ் கோத்தியரோடு நடந்த போரில் இறந்தான். சான்றிதழ்த் திட்டம் அவனோடு முடிந்தது. அரை நூற்றாண்டு கழித்து, 303இல், டயோக்ளீஷியன் காலத்தில் இன்னும் பெரிய அடக்குமுறை தொடங்கியது. அதை முன்னின்று தூண்டியவன் அவனுடைய துணைப் பேரரசன் கலேரியஸ் என்று அக்காலக் கிறித்தவ எழுத்தாளர்கள் சொல்கிறார்கள். எட்டு ஆண்டுகள் நடந்தும் பலிக்கவில்லை. கி.பி. 311 ஏப்ரலில், கடும் நோயில் கிடந்த அதே கலேரியஸ் ஓர் ஆணை வெளியிட்டான். கிறித்தவர்கள் இனி கூடி வழிபடலாம். அதற்கு ஈடாக அவன் கேட்டது ஒன்றுதான்: பேரரசனின் நலத்துக்காகவும் நாட்டின் நலத்துக்காகவும் உங்கள் நலத்துக்காகவும் உங்கள் கடவுளிடம் வேண்டிக்கொள்ளுங்கள். தனக்குச் செய்யச் சொல்லவில்லை; தனக்காகச் செய்யச் சொன்னான். எருசலேம் ஆலயத்தில் அகஸ்டஸ் காலத்திலேயே இருந்த ஏற்பாடு அது. அங்கே திரும்பி வர ரோமுக்கு முந்நூறு ஆண்டுகள் பிடித்தன. ஆணை வெளியான சில நாள்களில், மே மாதத்தில், கலேரியஸ் இறந்தான்.